வழக்குக்கு முன்னரே வரவேண்டிய சட்டத்தரணி

வடபுலத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாய் சீதனமாகக் கொடுத்த காணியாக இருந்தாலும் அதே கதைதான். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவனைப் படையினரிடம் கையளித்துவிட்டு வந்த பெண் அந்தக் கையெழுத்தை யாரிடம் போய் வாங்குவாள்?

வழி இல்லாமல் இல்லை. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் அவனது சம்மதமின்றியே காணியைக் கைமாற்ற மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து கட்டளை பெறலாம் என்று அதே கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு கூறுகிறது. நூறு வருடங்களுக்கும் மேலாக இருக்கும் ஏற்பாடு இது. ஆனால் அலுவலகத்திலும் வங்கியிலும் அவளுக்குக் கிடைக்கும் பதில் வேறு: “மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ அம்மா.” அந்தச் சான்றிதழுக்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் வழி திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அதற்கு விண்ணப்பித்தால், கணவன் இறந்துவிட்டான் என்று அவளே கையெழுத்திட்டுச் சொன்னதாகிவிடும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் மனைவிமாரும் செய்ய மறுத்தது இதைத்தான். இதற்கிடையே, அந்த 2010 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வந்த 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே பெறக்கூடிய, காணவில்லை என்பதற்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. ஆக மூன்று வழிகள். எந்த வழியில் போனால் எது கிடைக்கும், எது கைவிட்டுப் போகும் என்று அமர்ந்து விளக்கிச் சொல்ல ஒரு சட்டத்தரணி முதலிலேயே கிடைத்திருந்தால், தன் நம்பிக்கையா காணியா என்று அவள் தடுமாற வேண்டியிருந்திராது.

இலவசச் சட்ட உதவி இலங்கைக்குப் புதிதல்ல. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவை உருவாக்கியது. வன்னியிலும் அதன் நிலையங்கள் இயங்குகின்றன. வருமானம் குறைந்தவர்களுக்காகத் தாபரிப்பு, மணவிலக்கு, காணி வழக்குகளை நடத்துகின்றன. போர் முடிந்த கையோடு நலன்புரி முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் நடந்த நடமாடும் சேவைகளில் பிறப்பு, திருமணப் பதிவுகளையும் அடையாள அட்டைகளையும் மக்கள் மீளப் பெற்றதில் சட்ட உதவிக்காரரின் உழைப்பு இருக்கிறது. பங்கருக்குள்ளும் பரந்தன் சந்தியிலும் ஆவணப் பையைத் தொலைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது வன்னிக்குத் தெரியும்.

ஆனால் இந்த உதவி நீதிமன்ற வாசலில் காத்திருக்கிறது. மக்களின் சட்டப் பிரச்சினையோ கிராம சேவையாளரின் மேசையில், பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில், பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. அங்கே தொடங்கியது நீதிமன்ற வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. இலங்கைச் சட்டத்தில் உரிமைகள் பலவற்றுக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்த பிறகு கிடைக்கும் ஆலோசனை, எத்தனை இலவசமாக இருந்தாலும், “இனி ஒன்றும் செய்ய ஏலாது” என்பதாகத்தான் இருக்கும். எனவே சட்ட உதவி எத்தனை ஊர்களில் அலுவலகம் வைத்திருக்கிறது என்று எண்ணுவதில் பயனில்லை. ஒருவரின் சிக்கலில் எத்தனையாவது நாளில் அது அவரிடம் வந்து சேர்கிறது என்றுதான் பார்க்கவேண்டும்.

கடன் வழக்கை எடுத்துக்கொள்வோம். கணவனை இழந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று எடுத்த நுண்கடன்கள் வன்னியின் ஒவ்வொரு கிராமத்தையும் வாட்டியிருக்கின்றன. 2018 இல் அரசே தலையிட்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்த வரம்புக்கு வெளியே நின்றவர்களுக்கும் பிற்பாடு கடன்பட்டவர்களுக்கும் வழக்குத்தான் மிச்சம். அழைப்பாணை வந்தால் பயத்தில் பெட்டிக்குள் மடித்து வைப்பவர்கள் பலர். மாவட்ட நீதிமன்றத்தில் எதிராளி தோன்றாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்பாணை கையளிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் நியாயமான காரணம் காட்டி மனுச் செய்தால் அதை நீக்குவிக்கலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. பதினைந்தாவது நாள் அந்தக் கதவு மூடிவிடும். வட்டி சட்டப்படி சரியா, கட்டிய தவணைகள் கணக்கில் வந்தனவா என்று கேட்பதற்கு அவளுக்கு இருந்த வாய்ப்பும் அத்தோடு போய்விடும். கடிதத்தைப் பிரித்துப் படித்து “தங்கச்சி, இதுக்கு இத்தனையாம் திகதிக்குள்ளே பதில் போடவேணும்” என்று சொல்ல அதே கிராமத்தில் ஒருவர் இருந்திருந்தால் போதும்.

அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு இன்னும் கடுமையான கெடு. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியது கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில். நெடுங்கேணியில் பொலிஸாரிடம் அடிபட்ட ஓர் இளைஞன் காயம் ஆறி எழுந்து, பணம் புரட்டி, கொழும்பில் ஆள் பிடிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். இதற்கும் ஒரு நிவாரணம் இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் கணக்கெடுக்கப்படாது. ஆணைக்குழுவுக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. நெடுங்கேணியிலிருந்து ஒரு பஸ் தூரம். இதைச் சொல்லப் பெரிய சட்டத்தரணி வேண்டாம். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

காணிதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. வட்டக்கச்சி, உருத்திரபுரம், முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற குடியேற்றங்களில் ஏராளமான காணிகள் உறுதிக் காணிகளல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரக் காணிகள். மக்கள் வாயில் “பெர்மிட் காணி”. அதற்குச் சாதாரண மரபுரிமைச் சட்டம் பொருந்தாது. பெர்மிட்காரர் இறந்தால், வாழ்க்கைத் துணை 6 மாதங்களுக்குள் காணியில் இருப்பாட்சி எடுக்கத் தவறினால் பின்னுரிமை இழக்கப்படும் என்கிறது அந்தச் சட்டம். 2009 இல் இறந்தவரின் மனைவி அந்த ஆறு மாதமும் நலன்புரி முகாமின் முட்கம்பிக்குள் இருந்தாள். அவள் வெளியே வந்தபோது காணியில் வேறொருவர் பயிர் செய்துகொண்டிருந்தால், அல்லது இராணுவ முகாம் இருந்தால், கெடுவைப் பற்றி அவளிடம் பேசுவதே கொடுமை. மேலும், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத காணிகளில் மகனுக்கு மகளைவிட முன்னுரிமை தந்த அட்டவணை எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் பால் பேதம் நீங்கியது. திருத்தம் வந்த செய்தி எத்தனை மகள்மாருக்குப் போய்ச் சேர்ந்தது? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மலையகத்திலிருந்து இனக்கலவரத்துக்குத் தப்பி வந்து வன்னிக் காட்டை வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்களில் பலரிடம் இன்றுவரை பெர்மிட்கூட இல்லை. அவர்களுடைய நிலை இன்னும் மோசம்.

தனியார் காணிகளுக்கு 2016 இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. பத்து ஆண்டுகள் இடையறாது எதிரிடையாக ஆண்டவர் காணிக்கு உரித்துக் கோரலாம் என்பது நம் நாட்டின் பழைய விதி. போரினால் ஊரை விட்டோடியவரின் காணியில் குடியிருந்தவர்களுக்கும் அது வாய்ப்பாகிவிட்டது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் போர்ச் சூழலால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கழித்துவிட்டு வழக்குத் தொடர வழி செய்தது. நியாயமான சட்டம். ஆனால் அதன் பயனைப் பெற அது கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். இருபத்தாறு ஆண்டு இழப்புக்கு இரண்டு ஆண்டு அவகாசம். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கியது. துணுக்காயிலோ பூநகரியிலோ ஒருவர் அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அல்ல. என் பார்வையில் இதுதான் இந்த விவகாரத்தின் மையம். கெடு வைத்து உரிமை கொடுக்கும் அரசுக்கு, கெடு தொடங்கும் முன்பே அந்த உரிமையை வீடுவீடாக அறிவிக்கும் கடமையும் உண்டு. அந்தக் கடமையை எந்தச் சட்டமும் அரசின்மீது சுமத்தவில்லை.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொண்ணூறுகளிலிருந்து 2009 வரை இங்கே விடுதலைப் புலிகளின் நீதிமன்றங்கள் இயங்கின. மக்கள் காணித் தகராறுக்கும் மணவிலக்குக்கும் அங்கேதான் போனார்கள். வேறெங்கும் போக வழியிருக்கவில்லை. அந்தத் தீர்ப்புகளை இலங்கைச் சட்டம் ஏற்பதில்லை. பதிவுத் திருமணம் ஒன்றை மாவட்ட நீதிமன்றம்தான் கலைக்கலாம். ஆகவே, அங்கே மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்தவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் முதல் துணையின் கணவர் அல்லது மனைவி. ஓய்வூதியம், பிள்ளையின் பிறப்புப் பதிவு, காணியின் பின்னுரிமை என்று எல்லாம் இதில் வந்து முட்டுகின்றன. இதைக் கொழும்பில் இருந்து எழுதப்படும் பொதுவான கைநூல் எதுவும் தீர்க்காது. இந்த மண்ணின் வரலாறு தெரிந்தவர் அருகில் இருந்து, குற்றம் சாட்டாத குரலில் விளக்க வேண்டும்.

தூரமும் மொழியும் சேர்ந்து இதை இன்னும் இறுக்குகின்றன. மல்லாவியில் இருப்பவர் முல்லைத்தீவு நகருக்கு வர மாங்குளம் வந்து, அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீற்றர் போகவேண்டும். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும். வழக்குத் தவணை தள்ளிப்போனால் மீண்டும் அதே செலவு. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காமலே கையெழுத்து வைக்கவேண்டி வந்தவர்களின் கதையை வன்னியில் எந்த ஊரிலும் கேட்கலாம். வடக்கில் நிருவாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ் என்று அரசியலமைப்பின் 22, 24 ஆம் உறுப்புரைகள் கூறுகின்றன. பொலிஸ் நிலையங்களில் தமிழ் தெரிந்த அலுவலர்கள் வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 அறிக்கையிலேயே பரிந்துரைத்தது. விளங்காத வாக்குமூலத்தில் வைத்த கையெழுத்தை, பிறகு எந்த இலவசச் சட்டத்தரணியாலும் அழிக்க முடிவதில்லை.

நடமாடும் சேவை இதற்கெல்லாம் மாற்று என்று சிலர் சொல்வர். ஒரு நாள் பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டு, பெயர் எழுதி, மாலையில் வாகனம் திரும்பிவிடும். அடையாள அட்டைக்கு அது போதும். காணி வழக்குக்குப் போதாது. அதற்குத் தொடர்ச்சி வேண்டும்.

போரிலிருந்து மீண்ட இன்னொரு நாடு இதைச் செய்து பார்த்திருக்கிறது. சியரா லியோனில் 2002 இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது அங்கிருந்த சட்டத்தரணிகளில் பெரும்பாலோர் தலைநகர் ஃபிரீடவுனில் இருந்தனர். 2003 இல் தொடங்கிய திமாப் என்ற அமைப்பு, கிராமத்து ஆட்களையே சட்டத் துணைவர்களாகப் பயிற்றுவித்து ஊர்களில் இருத்தியது. பெரிய வழக்குகளுக்கு மட்டும் அவர்களுக்குப் பின்னால் சட்டத்தரணிகள் நின்றார்கள். 2012 இல் அந்த நாட்டின் சட்ட உதவிச் சட்டமே இத்தகைய துணைவர்களுக்கு இடம் கொடுத்தது. இந்தியாவில் 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தாலுகா மட்டம்வரை குழுக்களை அமைத்தது. அதன் 12 ஆம் பிரிவின்படி பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் கேட்காமலே சட்ட உதவி உண்டு. தமிழ்நாட்டின் தாலுகாக்களிலும் இந்தச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. நடைமுறையில் ஓட்டைகள் இல்லாமலில்லை. ஆனாலும் வருமானச் சான்றிதழுக்காக ஒரு பெண் அலைய வேண்டாம் என்று சட்டமே சொல்லிவிட்டது பெரிய விடயம். வன்னியில் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இங்கும் அதே விலக்கு வேண்டும்.

பிரதேச செயலகங்களில் பொதுமக்களைச் சந்திக்கும் நாளில் சட்ட உதவிச் சட்டத்தரணி ஒருவருக்கும் மேசை கொடுங்கள். மல்லாவி, பூநகரி, நெடுங்கேணி, செட்டிகுளம் போன்ற தூரத்து இடங்களில் இருந்து தொடங்குங்கள். மாதர் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் எழுத வாசிக்கத் தெரிந்த, ஊர் நம்பும் ஒருவரைத் தேர்ந்து பயிற்சி கொடுங்கள்; கடிதம் வந்த நாளிலேயே திகதியைப் பார்த்துச் சொல்வதுதான் அவரது முதல் வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவர்களை இதில் சேர்த்தால் அவர்களுக்கும் அது படிப்பாகும்.

இவற்றில் எதற்கும் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பெர்மிட் காணி வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே தன் பின்னுரித்தாளரின் பெயரைக் குறித்துப் பதிவு செய்யலாம். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் நிரப்பும் ஒரு படிவம். வழக்கு வேண்டாம், மணவிலக்கு வேண்டாம், மரணச் சான்றிதழும் வேண்டாம். வன்னியின் முதல் தலைமுறைக் குடியேற்றவாசிகளில் மிஞ்சியிருப்பவர்களுக்கு இப்போது வயது எழுபதும் எண்பதும். அவர்கள் கையெழுத்து வைக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே கிராம சேவையாளர் இந்தப் படிவத்தோடு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகவேண்டும். கூடவே, மகளின் பெயரையும் எழுதலாம் என்று சொல்ல ஒருவரும் போகவேண்டும்.