துருவை மூடினால் துரு போய்விடுமா?

அமெரிக்காவின் பனி மாநிலங்களில் சாலையில் கொட்டும் உப்பு, பழைய பிக்கப்பின் தரையைத் தின்றுவிடுகிறது. வீட்டிலேயே வண்டியைப் புதுப்பிக்கும் சில ஆசாமிகள் ஓட்டை மேல் தகட்டை வைத்து ரிவிட் அடித்து, கார்ப்பெட் விரித்துவிடுகிறார்கள். முடிஞ்சது சோலி! அடியில் ஈரம் சிக்கி, துரு இன்னும் பரவும். சீட்டும் பெல்ட்டும் போல்ட் போட்டு நிற்பது அந்தத் தரையில்தான் சாமி... மோதினால் எது தாங்கும், கார்ப்பெட்டா?

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். புதுத் தகட்டை இடம்விட்டு இடம் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே இழுப்பில் வைத்தால் தகடு நெளியும். 1967-72 ஃபோர்டு எஃப்-100 என்றால் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே! முதலில் அதைக் கழற்றணும். மூடி மறைப்பதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல மக்களே, ஏமாற்று. அடுத்து வாங்குபவன் உயிரோடு விளையாட்டு.