காற்றில் விரையும் வெப்பமானி

மழை பொய்க்கும்போதெல்லாம் தர்மபுரியின் தேநீர்க் கடைகளில் ஒரு கேள்வி எழும்: விமானத்தில் சென்று மேகத்தில் உப்பைத் தூவினால் மழை பெய்யுமாமே, ஏன் செய்யக்கூடாது? வானத்தை நம்பிக் கேழ்வரகும் சாமையும் விதைக்கும் மண்ணில் இது நியாயமான ஏக்கம்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய சிறிய கேள்வி ஒன்றுண்டு. அந்த மேகத்தின் வெப்பநிலை நமக்குச் சரியாகத் தெரியுமா?

தரையில் இது எளிது. வெயில் படாமல் காற்று மட்டும் புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானியை வைத்தால் போதும். அப்பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ நாவலாசிரியரின் தந்தை என்பது இலக்கிய வாசகருக்கு உவப்பளிக்கும் செய்தி.

விமானத்தில் நிழல் மட்டும் போதாது. கருவியில் மோதும் காற்று தடைபட்டு, அழுந்திச் சூடேறுகிறது. வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 5 டிகிரி. வேகம் இரு மடங்கானால் 20 டிகிரி. இதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மேகத்துக்குள் நுழைந்ததும் வேறு தொல்லை: கருவியை நனைக்கும் நீர்த்துளிகள் ஆவியாகி அதைக் குளிர்விக்கின்றன. இந்தப் பிழை அத்தனை எளிதில் கணக்குக்குள் அடங்குவதில்லை.

ஒரு டிகிரி தவறினால் என்ன குடிமுழுகிவிடும்? சுற்றியுள்ள காற்றைவிடச் சற்றே வெம்மையாக இருப்பதால்தான் மேகம் எழுகிறது. பல மேகங்களில் அந்த வேறுபாடே ஒரு டிகிரி அளவுதான். பிழையும் அதே அளவானால், எழுகின்ற மேகம் நம் குறிப்பேட்டில் அமிழ்கின்ற மேகமாகிவிடும்.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009இல் ‘கெய்பீக்ஸ்’ ஆய்வைத் தொடங்கியபோது, கருவிகள் பொருத்திய விமானத்தை அனுப்பி முதலில் மேகங்களை அளந்தது. தூவிப் பார்த்தது அதற்குப் பின்னரே. இந்த வரிசைமுறையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செயற்கை மழை அறிவிப்புகளை வரவேற்கும் நாம், அளவீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

இலக்கியம் கற்பிக்கும் எனக்கும் இதில் பாடமுண்டு. நம் வேகம் ஏற்றிய சூட்டைக் கழிக்காமல், அதைப் படைப்பின் வெம்மை என்று எத்தனை மதிப்புரைகளில் எழுதியிருக்கிறோம்! ஆனால் தவறான மதிப்புரையால் எவர் நிலமும் காய்வதில்லை. தானே பெய்யவிருந்த மழையை விமானத்தின் கணக்கில் எழுதினால், அடுத்த வறட்சியில் ஏரியைத் தூர்வாரவேண்டிய பணம் வானில் தூவப்படும். அந்த இழப்பைச் சுமக்கப்போகிறவர் மானாவாரி உழவர்.