மனத்திற்கும் ஒரு மறுகால்

கரிசல் மண் பரந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி வேளாண்மை வடகிழக்குப் பருவமழையை நம்பியது. பெய்யும் மழையைக் கண்மாய்கள் தேக்கி வைக்கின்றன. சொட்டு நீரையும் வீணாக்க விரும்பாத இம்மண்ணின் முன்னோர், கண்மாய்களில் மிகைநீர் வெளியேறக் கலுங்கு அமைத்தனர். மறுகால் பாய வழியில்லையெனில் கரை உடையும். தேக்கிய நீரெல்லாம் வீணாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மாணவர் மனத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இப்பகுதிகள் அடங்கிய விருதுநகர் மாவட்டம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநில அளவில் முதலிடம் பெற்றது. மானாவாரி நிலத்தையும் தறியையும் நம்பிய குடும்பங்களுக்கு, மழை பொய்த்தாலும் பொய்க்காத விளைச்சல் கல்வியே. எனவே, மதிப்பெண்மீது பெற்றோர் கொள்ளும் ஆவல் குறைகூறத்தக்கதன்று. ஆயினும், விழுக்காடே பள்ளியின் பெருமையாகும்போது, பாடத்தில் தடுமாறும் மாணவர் அப்பெருமைக்கு இடையூறாகக் கருதப்படுகிறார். துயரைச் சொல்லவேண்டிய இடத்திலேயே அதை மறைக்கக் கற்றுக்கொள்கிறார்.

‘முன்னோர் துன்பத்தைத் தாங்கியே முன்னேறினர்; மனநலம் பற்றிப் பேசுவது பிள்ளைகளின் உறுதியைக் குலைக்கும்’ என்பர் சிலர். முன்னோர் துன்பத்தைத் தாங்கியது உண்மை. ஆனால், தனியே தாங்கவில்லை. திண்ணையிலும் களத்துமேட்டிலும் அவர்தம் துயரைக் கேட்கச் செவிகள் இருந்தன. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட, கைப்பேசியோடு தனித்திருக்கும் இன்றைய பிள்ளைக்கு அச்செவிகள் அரிதாகிவிட்டன. மேலும், தொடர்ந்த பதற்றமும் உறக்கமின்மையும் கவனத்தையும் நினைவாற்றலையும் குறைக்கின்றன. ஆகவே, மனநலம் பேணுதல் படிப்புக்குப் பகையன்று, துணையே ஆகும். விருதுநகரில் பிறந்த காமராசர், 1956ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டத்தைச் செயற்படுத்தினார். பசித்த வயிற்றோடு பாடம் கேட்க இயலாது என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. கலங்கிய மனத்தோடும் பாடம் கேட்க இயலாது என்பதைப் பள்ளிகள் இன்று உணர வேண்டும்.

அரசின் முயற்சிகள் சில இத்திசையில் அமைந்துள்ளன. பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. தேர்ச்சி பெறாதோர் ஓராண்டை இழக்காதிருக்கத் துணைத்தேர்வு நடத்தப்படுகிறது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெலி மனாஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில், இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

எனினும், தொலைபேசியின் மறுமுனையில் மட்டுமன்றி, வகுப்பறையின் அருகிலும் ஒரு செவி தேவை. மதிப்பெண் பற்றிப் பேசாத பாடவேளை ஒன்று வாரந்தோறும் வேண்டும். மாணவர் கூறுவதைப் பிறர்முன் வெளியிடாது கேட்கும், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் வேண்டும். உறக்கமின்மை, பசியின்மை, நண்பரை விட்டு விலகுதல் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போலவே மனநல மருத்துவரையும் தயக்கமின்றி நாட வேண்டும்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. துயருற்ற நண்பனுக்கு அறிவுரையினும் பொறுமையாகக் கேட்கும் செவியே முதல் தேவை. அவன் உயிருக்கு ஊறு நேரலாம் என அஞ்சினால், அதனை மறைத்தல் நட்பன்று. நம்பத்தகுந்த பெரியவரிடம் உடனே உரைப்பதே நட்பு.

கலுங்கு கண்மாயின் குறையன்று, அதன் காவல். துயரை வெளியிடுவதும் மனத்தின் தளர்ச்சியன்று. கரை உடைந்தபின் மண் சுமப்பதினும், மறுகாலுக்கு வழி திறந்து வைப்பதே அறிவுடைமை.