பழுது பலகையில் இல்லை



எங்கள் பள்ளிக் கணினி அறையின் அலமாரியில் ஆறு ராஸ்பெரி பை பலகைகள் "பழுது" என்னும் சீட்டோடு கிடந்தன. 2012ஆம் ஆண்டு வெளிவந்த பி வகை. 512 எம்பி நினைவகம் கொண்டவை. இவற்றைக் கழித்துவிட்டுப் புதியன வாங்கப் பெற்றோரிடம் நன்கொடை கேட்கலாம் என்று கூட்டத்தில் பேசப்பட்டது. நான் மறுத்தேன்.

மின்சாரம் கொடுத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சை விளக்கு இமைக்கவில்லை. இதனை வைத்துப் பலகை செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதலாமா? இப்பலகையில் முதலில் விழிப்பது வரைகலைச் செயலி. அது நினைவட்டையின் முதற்பிரிவிலுள்ள தொடக்கக் கோப்புகளைப் படித்த பின்னரே மையச் செயலியில் லினக்ஸ் எழும். பச்சை விளக்கு இமைக்காவிடில் முதலில் ஐயுற வேண்டியது அட்டையைத்தான். ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டே அட்டைகளில் லினக்ஸைப் புதிதாகப் பதியச் செய்தேன். ஆறில் ஐந்து எழுந்தன!

உடனே அடுத்த குறை வந்தது. "512 என்றார்கள், 448கூடக் காட்டவில்லையே, ஏமாற்று வேலை" என்றார் சக ஆசிரியர் ஒருவர். ஏமாற்றன்று, ஐயா. ஒரே நினைவகத்தை இரு செயலிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. வரைகலைக்கு 64 ஒதுக்கினால் எஞ்சுவது 448. அதிலும் லினக்ஸ் கருவகம் தனக்கென்று சிறிது எடுத்துக்கொள்ளும். மாணவி ஒருத்தி அமைப்புக் கோப்பில் 64ஐ 32 ஆக்கி மீண்டும் தொடக்கினாள். திரையில் எண் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டுக் கழித்தல் கணக்குத்தானே இது!

"பழுது பார்ப்பது பள்ளியின் வேலையா? நிரல் எழுதத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்போர் உளர். போதாது என்பேன். நிரல் ஓடாத நாளில் கைகட்டி நிற்கும் பிள்ளை, பிறர் செய்த கருவிக்கு என்றும் வாடிக்கையாளனாகவே இருப்பான். அறிகுறியைக் கண்டு, காரணத்தை ஊகித்து, ஒவ்வொன்றாய்ச் சோதிப்பதே அறிவியல். அதை எம் பிள்ளைகள் தமிழிலேயே பேசிச் செய்தார்கள் என்பதையும், தமிழ்ப்பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்போர் கேட்டுக்கொள்ளட்டும்.

பழைய பலகை மெதுவானதுதான், மறுக்கவில்லை. ஆறாவது இன்னும் எழவில்லை என்பதும் உண்மை. அதன் சீட்டை மட்டும் மாற்றியிருக்கிறோம்: "காரணம் தேடப்படுகிறது."

பெற்றோரே, நன்கொடைக்கு முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: "சோதித்துப் பார்த்தீர்களா?"