பயோ படித்தால் டொக்டர் மட்டும்தானா?

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேர்ந்த நாள் முதல், பெருநாள் வீடு, கல்யாண வீடு எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "மகள், டொக்டருக்குத்தானே படிக்கிறீங்க?" அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் வேறு பதிலுக்கு இடமில்லை.

எங்கள் உறவில் ஒரு ராத்தாவுக்கு மருத்துவ பீடத்துக்குக் கொஞ்சம் புள்ளி குறைந்தது. உயிரியல் விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. அன்று அவர்கள் வீடு ஜனாஸா வீடு போல இருந்தது. வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். பல்கலைக்கழகம் போகப்போகும் பெண்ணுக்கு ஆறுதல் எதற்கு?

துருக்கியின் தென்கிழக்கிலுள்ள சவூர் என்ற சிற்றூரில் 1946இல் பிறந்தவர் அஸீஸ் சன்ஜார். பெற்றோருக்கு எழுத்தறிவு இல்லை. ஆனாலும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் உறுதியாக இருந்தார்கள். அவர் இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து, கிராம வைத்தியராகவும் வேலை செய்தார். பிறகு ஆய்வுக்காக அமெரிக்கா போனார். கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னும் மூன்று ஆய்வுகூடங்கள் அவருக்கு இடம் தரவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். நம் ஊராக இருந்தால் "டொக்டர் வேலையை விட்டுவிட்டு லேப் வேலையா?" என்று கேட்டிருப்போம்.

கழியூதாக் கதிர்களால் சேதமடையும் டி.என்.ஏ.யைக் கலம் எப்படித் திருத்துகிறது என்பதே அவர் தேடிய விடை. சேதமடைந்த இடத்தின் இரு பக்கமும் நொதியங்கள் வெட்டுகின்றன. அத்துண்டு அகற்றப்பட்டு, இடைவெளி புதிதாக நிரப்பப்படுகிறது. நம் வாவிக்கரையில் மீனவர்கள் வலையின் பழுதான பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாகப் பின்னுவது போலத்தான். இந்தத் திருத்தம் பிறவியிலேயே இயங்காதவர்களுக்கு, வெயில் பட்டே தோற் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். 2015இல் தோமஸ் லின்டால், போல் மொட்ரிச் ஆகியோருடன் சன்ஜாருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

மொட்ரிச் ஆராய்ந்தது, டி.என்.ஏ. பிரதியாகும்போது நேரும் பிழைகள் எப்படித் திருத்தப்படுகின்றன என்பதை. அத்திருத்தம் பழுதான புற்றுநோய்க் கலங்களில் விகாரங்கள் குவிகின்றன. அதனால் அவை நிர்ப்பீடனத் தொகுதிக்கு அந்நியமாகத் தெரிகின்றன. நிர்ப்பீடனத்தின் தடையை நீக்கும் மருந்தைக் கொடுத்தால், நோயாளியின் வெண்குருதிக் கலங்களே அவற்றைத் தாக்கக்கூடும். இந்தப் பழுது இருந்தால், புற்றுநோய் எந்த உறுப்பில் தோன்றியிருந்தாலும் கொடுக்கலாம் என்று அப்படியான ஒரு மருந்தை 2017இல் அமெரிக்கா அனுமதித்தது. பக்டீரியாக்களை வைத்துத் தொடங்கிய ஆய்வு நோயாளியின் கட்டில் வரை வந்துவிட்டது.

இது மேல்நாட்டில் மட்டும் நடப்பதல்ல. மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் டாட்டா நினைவு மருத்துவமனை வைத்தியர்களும் சேர்ந்து, நோயாளியின் ரீ கலங்களை எடுத்து, இரத்தப் புற்றுநோய்க் கலங்களை இனங்காணும்படி மாற்றி, திரும்ப உடலில் செலுத்தும் சிகிச்சையை உருவாக்கினார்கள். நெக்ஸ்கார்19 என்ற அச்சிகிச்சைக்கு 2023இல் இந்தியா அனுமதி வழங்கியது. வெளிநாட்டுச் சிகிச்சையின் விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதன் விலை. மகரகமவுக்குப் போய்வரும் குடும்பங்களுக்குத் தெரியும், விலை குறைவது எவ்வளவு பெரிய விடயம் என்று.

நம் பகுதிக்குப் பெண் டொக்டர்கள் தேவை. அதை நான் மறுக்கவில்லை. என் தோழிகள் பலர் அந்தக் கனவோடுதான் படிக்கிறார்கள். அல்லாஹ் அதை நிறைவேற்றட்டும். ஆய்வு படித்தால் தொழில் கிடைக்குமா என்ற பெற்றோரின் கவலையும் நியாயமானது. ஆனால் டொக்டரின் கையிலுள்ள மருந்தை முதலில் யாரோ ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த நம்பிக்கை. மருந்து உண்டென்றால் அதைத் தேடுவதும் நம் கடமைதானே?

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம் இருக்கிறது. வாவிக்கரையிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். அதற்குள் நுழையும் பிள்ளையைத் தோற்றவளாகப் பார்க்காதீர்கள். உம்மா வாப்பாமாரே, பெறுபேறு வரும் நாளில் உங்கள் மகளுக்கு எந்தப் பீடம் கிடைத்தாலும் அயலுக்கு இனிப்புக் கொடுங்கள். அவள் அங்கே எதைத் தேடப் போகிறாள் என்று அவளிடமே கேளுங்கள்.