மலை மூலிகையும் மலைமக்களின் முறையும்

கடுகுரோகிணி, அதிவிடயம், சடாமாஞ்சில், கோஷ்டம் ஆகிய இமயமலைச் சரக்குகள் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளிலும் நெடுங்காலமாக விற்கப்பட்டு வருவனவாகும். ஆயினும், இவை எவ்விடத்தில் விளைகின்றன, எவர் இவற்றைத் தோண்டி எடுக்கின்றனர் என்பவற்றை வாங்குவோரில் பலர் அறியார்.

கடுகுரோகிணி 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளர்வது. பனி உருகியபின் கிடைக்கும் சில மாதங்களே அதன் வளர்ச்சிக் காலம். மருந்தாகப் பயன்படுவது அதன் வேரும் நிலத்தடித் தண்டுமே ஆதலின், இலை கொய்வது போன்று செடிக்கு ஊறின்றி இதனைக் கொய்தல் இயலாது. விதை முதிருமுன் முழுவதையும் அகழ்ந்தெடுத்தால் அவ்விடம் வெறுமையாகிவிடும். விதை உதிர்ந்தபின் எடுத்து, கணுவுள்ள துண்டுகளை மண்ணிலேயே விட்டுவைத்தால் செடி மீண்டும் தழைக்கும். பனிக்காலத்திற்கு முன்னர் வேரெடுக்கும் மலையூர் வழக்கத்தின் பொருள் இதுவேயாகும்.

இவ்வழக்கம் தளர்ந்து, வணிகர்களின் தேவை மிகுந்ததன் விளைவு யாவரும் அறிந்ததே. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில், கோஷ்டம் 1985-இல் மிகக் கடுமையான முதற் பட்டியலில் வைக்கப்பட்டது. கடுகுரோகிணியும் சடாமாஞ்சிலும் 1997-இல் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் எழுதப்படுகின்றன. இது போற்றத்தக்க பணியே. ஆயின், 'இன்ன செடி இன்ன நோய்க்கு மருந்து' என்று மட்டும் எழுதி முடிப்பது அரைகுறையான பதிவேயாகும். அத்தகைய ஏடு, செடியைத் தேடி வருவோனுக்கு வழிகாட்டுமேயன்றிச் செடியைக் காவாது. எப்பருவத்தில், எவ்வளவு, எவ்வாறு எடுப்பது என்பதும், எதனை விட்டுவைப்பது என்பதும் அதே பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். அறிவித்தவரின் இசைவின்றி எதையும் எழுதுதல் கூடாது.

மலைமக்கள் கூறுவன யாவும் அப்படியே மெய்யெனக் கொள்ளத்தக்கன அல்ல. சோதனை இன்றியமையாதது என்று வாதிப்பாருளர். அது நியாயமே. எனினும், மருந்தாகும் அதிவிடயமும் கொடிய நஞ்சாகிய வச்சநாவியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்தறியும் பழக்கம் மலையில் பயின்ற முதியோரிடம் உள்ளது. அவ்வறிவு மறைந்தபின் சோதனைச்சாலை மட்டும் இருந்து பயனென்ன? ஆராய்ச்சியும் அனுபவமும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டியவை. ஒன்றை மற்றொன்று விலக்க வேண்டியவையல்ல.

களப்பணியாளர் அரிய செடிகளை மாதிரிக்காக வேரோடு பிடுங்குதலைத் தவிர்த்து, படமும் குறிப்பும் எடுப்பதே தக்கது. மலைப்பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிந்தவற்றை வகுப்பில் கூறச் செய்யலாம். லாகௌல் பள்ளத்தாக்கில் கோஷ்டம் வயற்பயிராக விளைவிக்கப்பட்டது போன்று, ஏனைய மூலிகைகளையும் பயிரிட ஊக்கமளித்தல் வேண்டும். அறிவைத் தந்தவர்க்கு அதன் பயனிலும் பங்கு கிடைக்குமாயின், செடியைக் காப்பதில் அவரைவிட அக்கறை கொள்வார் வேறெவரும் இரார்.