தூக்கிலிட்டது ஆவியை அல்ல

1898 ஏப்ரல் 27 அன்று சாலிஸ்பரியில், இன்றைய ஹராரேயில், வெள்ளையர் தூக்கிலிட்ட பெண்ணின் பெயர் சார்வே. ஜிம்பாப்வே கொண்டாடுவதோ நெஹாண்டாவை. நெஹாண்டா என்பது மசோவே பகுதி ஷோனா மக்கள் போற்றிய முன்னோர் ஆவியின் பெயர். அந்த ஆவி இறங்கிப் பேசிய பெண்தான் சார்வே. (நம்மூர்ச் சாமியாடி என்று அவசரமாக மொழிபெயர்த்துவிட வேண்டாம். அவள் வாக்கு மழைக்கும் மண்ணுக்கும் மட்டுமல்ல, அரசியலுக்கும் உரியது.)

சிசில் ரோட்ஸின் கம்பெனி 1890இல் அந்த மண்ணில் நுழைந்தது. நிலம் போனது, மாடு போனது. 1894இல் குடிசைக்குப் பத்து ஷில்லிங் வரி வந்தது. 1896இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு இறுதியில் சார்வே பிடிபட்டாள். பொல்லார்ட் என்ற அதிகாரியைக் கொல்ல ஆணையிட்டாள் என்பது வழக்கு. காலனிய நீதிமன்றத்துக்கு ஆளை அடையாளம் காண்பதில் குழப்பமே இல்லை. ஆவியைத் தூக்கிலிட முடியாது, பெண்ணைத் தூக்கிலிடலாம்.

குழப்பமெல்லாம் விடுதலைக்குப் பிறகுதான். தலைமை ஆவிக்கு, கழுத்து பெண்ணுக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. அவளோடு தூக்கிலிடப்பட்ட கும்பொரெஷும்பாவையும் ககுவி என்ற ஆவியின் பெயரால்தானே அழைக்கிறோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் 2020 டிசம்பரில் நெஹாண்டா சிலையின் படம் வெளியானபோது நாடே விவாதித்தது எதை? இடுப்பையும் பின்புறத்தையும். சிறையில் எடுத்த புகைப்படத்தில் இருப்பவள் இளம்பெண் அல்ல. அந்த வகையில் எதிர்ப்பு நியாயமே. திருத்திய சிலை 2021 மே மாதம் திறக்கப்பட்டது. உடலைத் திருத்தியவர்கள் பெயரைத் திருத்தவில்லை. சிலை இன்றும் ‘ம்பூயா நெஹாண்டா’தான், ம்பூயா என்றால் பாட்டி. வெள்ளையனுக்குச் சூனியக்காரி, தேசத்துக்குப் பாட்டி. போர் நடத்திய ஒரு பெண்ணைப் பெயர் சொல்லி அழைக்க ஏன் இத்தனை தயக்கம்?

அவளைக் கடைசியாகப் பார்த்தவர்களில் ஒருவர் ரிச்சார்ட்ஸ் பாதிரியார். கும்பொரெஷும்பா ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார், அவள் மறுத்துவிட்டாள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆடினாளாம், சிரித்தாளாம், கைகளைக் கட்ட வேண்டியதாயிற்றாம். பாதிரிக்கு அது பித்து. அதே குறிப்பில் இன்னொன்றும் உண்டு: தன் சனங்களைக் கூப்பிட்டிருக்கிறாள், மசோவேக்குத் திரும்பி அங்கே சாக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டது எந்த ஆவி? சிலையை நிறுத்தியவர்களும் மசோவேயைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது ஹராரேயின் நடுச்சாலைச் சந்திப்பில் நிற்கிறது.